மாடியில் சோலார், வீட்டில் கரண்ட் இல்லை

காலை ஒன்பது மணி தாண்டிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வெயில் அதற்குள் மண்டையைப் பிளக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் மொட்டை மாடியில் ஆறு சோலார் தகடுகள் அந்த வெயிலை முழுசாக வாங்கிக்கொண்டு பளபளத்துக்கொண்டிருந்தன. கீழே கூடத்தில் என் கணவரின் ஆக்சிஜன் மெஷின் நின்றுபோயிருந்தது.

நான் மெஷினைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தேன். மறுபடியும் மெஷினைப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் அப்படிப் பேந்தப் பேந்த முழித்தது கிடையாது. நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நான் டீச்சர். சங்கரன்கோவிலில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் எனக்குப் பேர் கணக்கால் வந்ததல்ல, ஃபாரம் எழுதுவதால் வந்தது. ரேஷன் கார்டில் பேர் சேர்க்கவேண்டுமா, முதியோர் பென்ஷனா, பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்பா, எல்லாரும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நானும் சும்மா எழுதிக் கொடுத்துவிட மாட்டேன். முதலில் நாலு வார்த்தை திட்டுவேன். “படிக்காம கையெழுத்துப் போடுவியளா? பின்னாடி பொடி எழுத்துல என்ன இருக்குன்னு பாத்தியளா?” என்று கேட்டால் எதிரே நிற்பவர்கள் தலையைத் தொங்கப் போடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, அது எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

என் கணவர் பத்தாவதோடு நிறுத்தியவர். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நாலு விசைத்தறி ஓட்டினார். முப்பது வருஷம் அந்தப் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்திருக்கிறார். முதலில் இருமல் என்றோம், அப்புறம் சளி என்றோம், கடைசியில் பாளையங்கோட்டை டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்றார். தறியை விற்றோம். தறி நின்ற இடத்தில், அதாவது எங்கள் வாழ்க்கையில் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மெஷின். இரவு முழுக்கவும் பகலில் பாதி நேரமும் அது ஓடியாகவேண்டும். ஓடுவதற்குக் கரண்ட் வேண்டும்.

கரண்ட் பில் வீங்கியது. மாதாமாதம் எங்கள் ஊருக்கென்று ஒரு மின்நிறுத்த நாள் வேறு உண்டு. துணை மின்நிலையத்தில் பராமரிப்பு வேலை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று முந்தின நாள் பேப்பரில் போடுவார்கள். எங்கள் ஊரில் நாள்காட்டியில் அமாவாசை பார்ப்பவர்கள்கூட அந்த நாளை மறக்க மாட்டார்கள். அன்று காலை எட்டே முக்காலுக்கு எங்கள் தெருவில் நின்று கேட்கவேண்டும், எல்லா வீட்டு மிக்ஸியும் ஒரே நேரத்தில் கத்தும். தொட்டியை நிரப்பு, சட்டையைத் தேய், செல்லைச் சார்ஜில் போடு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் ஓடிக்கொண்டிருப்பார். ஒன்பது அடித்ததும் சொல்லி வைத்த மாதிரி எல்லாம் அடங்கிவிடும்.

மற்ற வீடுகளுக்கு அது வேர்த்துக் கொட்டும் ஒரு நாள், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. மத்தியானம் வரைக்கும் பழைய இன்வெர்ட்டர் மெஷினைத் தாங்கும். அது கீ கீ என்று கத்த ஆரம்பித்ததும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றவேண்டும். அந்தக் குழாயைக் கழற்றி இந்தக் குழாயை மாட்டும் ஒரு நிமிடத்தில் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் மாட்டுவேன்.

எங்கள் பள்ளிக்குக் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு டீச்சர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்கள். அவர்கள் தம்பி வீட்டு மாடியில் சோலார் போட்டிருக்கிறானாம். அரசு மானியம் நேராகப் பேங்க் கணக்குக்கு வந்துவிட்டதாம். இப்போது பில் என்று ஒன்று வருவதே பேருக்குத்தானாம். நான் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியே கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

மானியத்துக்கான விதிமுறைகள், கம்பெனியோடு போடும் ஒப்பந்தம், விளக்கக் குறிப்பு எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். மொத்தத்தையும் பிரிண்ட் போட்டு, ஒரு சனி ஞாயிறு முழுக்க, சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் விண்ணப்பிக்கவேண்டும், மாடி எவ்வளவு சதுர அடி நிழல் இல்லாமல் இருக்கவேண்டும், எந்த மாதிரித் தகடுக்கு மானியம் உண்டு, எதற்கு இல்லை, மீட்டர் மாற்றிய பிறகு எதை எதைப் பதிவேற்றினால் மானியம் வரும், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் டிக் அடித்தேன். தறிக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நான் படிப்பதை அவர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“சும்மா குடுப்பானா ஏளா?” என்றார்.

“சும்மா ஒண்ணும் குடுக்கல. நாம முதல்ல போடணும், அதுல ஒரு பங்கைத் திருப்பிக் குடுப்பாவ. இந்தா, பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கு.”

“போட்டிருந்தா சரி, டீச்சர்,” என்றார். என்னைக் கேலி செய்யவேண்டும் என்றால் அவருக்கு நான் டீச்சர், மற்ற நேரமெல்லாம் ‘ஏளா’தான்.

மானியம் வேண்டுமென்றால் மாடியில் போடும் சோலார் ஊர் மின்கம்பியோடு சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்று ஒரு விதி. பகலில் மிஞ்சும் கரண்ட் கம்பி வழியே வெளியே போகும், ராத்திரி நமக்கு வேண்டியது அதே கம்பி வழியே உள்ளே வரும், இரண்டையும் மீட்டர் கழித்துக்கொள்ளும். படித்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இரண்டு மாடு பூட்டின வண்டி என்று நினைத்தேன். ஒன்று படுத்தால் இன்னொன்று இழுக்கும். ஊர்க் கரண்ட் போனால் வெயில் கரண்ட், வெயில் போனால் ஊர்க் கரண்ட். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் யோசிக்கவில்லை. கணக்கு டீச்சர், இரண்டாம் வகுப்புப் பிள்ளை கூட்டல் போடுகிற மாதிரி கூட்டிப் போட்டுவிட்டேன்.

தகடுகளை ஒரு வெள்ளிக்கிழமை ஏற்றினார்கள். துணி காயப்போட இடம் வேண்டும் என்று சட்டத்தை ஆள் உயரத்துக்கு நிறுத்தச் சொன்னேன். அடுத்த வாரம் நான் பள்ளியில் இருந்தபோது எலெக்ட்ரீஷியன் வந்து வாசல் பக்கச் சுவரில், சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டியை மாட்டி, ஓட விட்டு, இவருக்கு எல்லாம் விளக்கிவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் நான் விடைத்தாள் கட்டோடு உள்ளே நுழைந்தேன்.

“ஏளா, பெட்டி மாட்டுன ஆளு ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு…”

“எல்லாம் நான் படிச்சாச்சு.”

“இல்ல, கரண்டு விஷயமாத்தான்…”

“அம்பத்திரண்டு பக்கம் படிச்சிருக்கேன். அவருக்கு என்ன தெரியும்? ஸ்க்ரூ முடுக்கத் தெரியும். நீங்க மூச்சை வீணாக்காதிய.”

மூச்சை வீணாக்காதீர்கள் என்று நான் அவரிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன். பேசினால் அவருக்கு இரைக்கும். பாசத்தில்தான் சொல்வேன். அது பேச்சை நிறுத்துவதற்கும் நல்ல வழி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு, “சரி டீச்சர்,” என்றார். நான் விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

மானியம் வந்த அன்று அவர்தான் பள்ளிக்கு ஃபோன் செய்தார். இணைப்பு அவர் பேரில், கணக்கும் அவர் பேரில், மெசேஜும் அவர் செல்லுக்கு. “வந்துட்டு ஏளா,” என்றார். அவ்வளவுதான். ஸ்டாஃப் ரூமில் நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த பத்து நாளில் எட்டுப் பேருக்கு நானே விண்ணப்பம் போட்டேன். எட்டுப் பேரிடமும் ஒரே வசனம்தான். “பில்லும் இல்ல, மாசாந்திர கரண்ட் கட்டும் இல்ல. வெயிலை ஆராவது ஆஃப் பண்ண முடியுமா?”

அந்த வசனம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், பஸ் ஸ்டாண்டில் பனவடலிசத்திரம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு முன்பின் தெரியாத ஆளிடம்கூடச் சொன்னேன்.

அதோடு நின்றேனா? சிலிண்டர் கடைக்கு ஃபோன் போட்டு, இனி வாடகைக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். பழைய இன்வெர்ட்டரைப் பின்தெருவில் இருக்கும் தையல்காரப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், மோட்டார் வைத்த தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். மின்நிறுத்த நாளில் அவள் வேலை கெட்டுப்போகிறது என்று எப்போதும் புலம்புவாள். ஒரு தடவை ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் கட்டம் மாறிக் கையெழுத்துப் போட்டதற்கு நான் அவளை அழவைத்திருக்கிறேன். இன்வெர்ட்டரைத் தூக்கிப் போக ஆள் வந்தபோது இவர் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்.

“கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டுமே.”

“எதுக்கு? தூசி அடையவா?”

“இல்ல ஏளா…”

“பாவம், அவ தொழில் செய்யுதவ. நமக்குத்தான் மாடியில பவர் ஹவுஸே இருக்கே.”

அவர் பேட்டரிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டார். நான் அதைப் பார்த்தேன், பழைய சாமான்மேல் ஆம்பிளைகளுக்கு இருக்கும் ஒட்டுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் எல்லா லைனையும் சரிபார்ப்பார்கள். அந்த மாச மின்நிறுத்தம் ஒரு சனிக்கிழமை வந்தது. எனக்கு லீவு. முந்தின நாள் சாயங்காலம் தெருவில் நின்று ஊருக்கே அழைப்பு விட்டேன். “நாளைக்கு எவரும் எட்டே முக்காலுக்கு அரக்கப்பரக்க ஆட்ட வேண்டாம். ஆட்டுததை எங்க வீட்டுல வந்து ஆட்டுங்க. செல்லும் சார்ஜ் போட்டுக்கிடுங்க.”

வந்தார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி, ரிட்டயர்டு தாலுகா ஆபீஸ்காரர், இரண்டு செல்லும் ஒரு டார்ச் லைட்டும் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டம்மா தேங்காய் போட்ட மிக்ஸி ஜாரைத் தட்டு போட்டு மூடிக்கொண்டு வந்து நின்றார். பின்னால் இன்னும் மூன்று பேர். கல்யாண வீட்டுக்காரி மாதிரி நான் எல்லாரையும் உட்காரச் சொன்னேன். இவர் குளித்துவிட்டு வந்து, இரைத்தபடி கட்டிலில் உட்கார்ந்து, குழாயை மூக்கில் மாட்டியிருந்தார். குளித்தால் அவருக்கு ரொம்ப இரைக்கும். காலையில் அந்த ஒரு மணி நேரம் மெஷின் இல்லாமல் முடியவே முடியாது.

ஒன்பது அடித்தது. மேலே ஃபேன் மெதுவானது, இன்னும் மெதுவானது, நின்றது. மெஷின் நீளமாக ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது. தெருவில் எல்லா வீட்டிலும் சத்தம் அடங்கிய அதே நொடியில் எங்கள் வீட்டிலும் அடங்கியது.

நான் புன்னகை மாறாமல் நின்றுகொண்டிருந்தேன். இப்போது வரும், மாறுவதற்கு ஒரு நிமிடம் எடுக்கும் என்று காத்திருந்தேன்.

“டீச்சர், ஏதும் சுவிட்சு போடணுமோ?” என்றார் அண்ணாச்சி.

பெட்டிக்கு ஓடினேன். எப்போதும் பச்சையாக எரியும் விளக்கு சிவப்பாக இருந்தது. மாடிக்கு ஓடினேன். வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு மயில் தகட்டின் மேல் உட்கார்ந்திருந்தது, என்னைப் பார்த்ததும் சாவகாசமாக இறங்கிப் போனது. சட்டத்தில் ஏறித் தகட்டில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. தூரத்தில் ஆடிக் காற்றில் அத்தனை காற்றாலைகளும் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. இவ்வளவு வெயில், இவ்வளவு காற்று, என் வீட்டில் ஒரு பொட்டுக் கரண்ட் இல்லை. மாடியிலிருந்தே கம்பெனிக்காரருக்கு ஃபோன் போட்டேன்.

“சோலார் ஓடலை! வெயில் அடிக்குது, ஓடலை!”

“அங்கன இன்னைக்கு கரண்ட் கட்டா டீச்சர்?”

“ஆமா, அதுக்குத்தானே சோலார் போட்டது!”

அவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். “லைன்ல கரண்ட் இல்லைன்னா உங்க பெட்டியும் தானா நின்னுரும் டீச்சர். மானியத்துல போடுத சோலார் அப்படித்தான். லைன்ல ஆளு ஏறி வேலை செய்வாவல்லா? உங்க வீட்டுக் கரண்ட் வெளியே போயி கம்பியில பாஞ்சா அந்த ஆளு என்ன ஆவாரு? பேட்டரி வச்சு மாட்டுதது வேற மாதிரி. ஏன், பழைய இன்வெர்ட்டர் வச்சிருக்கியள்லா?”

தெருமுனைக் கம்பத்தில் ஒருத்தர் இடுப்பில் பெல்ட்டு கட்டிக்கொண்டு ஏறி நின்று ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே கம்பி.

“ஒருத்தரும் எங்கிட்ட இதைச் சொல்லல!” என்று கத்தினேன்.

“எங்க ஆளு சொல்லியிருப்பாரே டீச்சர்.”

“சொல்லல! ஒருத்தரும் சொல்லல!” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி வந்தேன். கூடத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவரும் கேட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை எடுத்து மாட்டினேன். எண்பத்தெட்டு என்று காட்டியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தாறு ஆனது. உதட்டு ஓரம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. மூச்சு விடுவது அவருக்குத் தறி ஓட்டுவதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. ஆம்புலன்ஸுக்கு அண்ணாச்சி ஃபோன் போட்டார். சிவகிரிப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, வேறு வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். நான் சிலிண்டர் கடைக்குப் போட்டேன், ஏற்றி அனுப்ப ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். என் கையால் திருப்பி அனுப்பிய சிலிண்டர். கணக்கு டீச்சருக்கு அந்த ஒரு மணி நேரத்தை எண்பத்தாறால் எப்படி வகுப்பது என்று தெரியவில்லை. அறையின் நடுவில் நின்றுகொண்டு, “ஐயோ, நான் என்ன செய்வேன்,” என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். எங்கள் தெரு என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

பக்கத்து வீட்டம்மாதான் தேங்காய் ஜாரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “அந்தத் தையக்காரி வீட்டுல இன்வெர்ட்டர் ஓடுதுல்லா!”

அவ்வளவுதான். இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள். நான் மெஷினை உருட்டினேன். சந்து வழியாகப் போனால் நாற்பது அடி இருக்கும், அன்றைக்கு அது திருநெல்வேலி வரைக்கும் நீண்டது. மெஷினின் சின்னச் சக்கரம் கல்லில் மாட்டியபோது என் இடுப்பு விட்டுப்போகிற மாதிரித் தூக்கினேன். தையல்காரப் பெண் வாசலில் சத்தம் கேட்டு எழுந்தவள், எங்களைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தையல் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள், ஃபேனை அணைத்தாள், லைட்டை அணைத்தாள். எங்கள் பிளக்கைச் சொருகினாள். மெஷின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

கருவியில் எண்பத்தேழு. எண்பத்தொன்பது. தொண்ணூற்றொன்று. நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“தபசுக்குக் கொடுக்க வேண்டிய துணி இருக்குமே,” என்று ஒரு மாதிரியாக இழுத்தேன்.

“கொக்கி கையால தைக்கலாம் டீச்சர். கொக்கி தைக்க கரண்டா வேணும்?” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, ஜாக்கெட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு கொக்கி தைக்க ஆரம்பித்தாள். இன்வெர்ட்டர் அவள் காலடியில் முனகிக்கொண்டிருந்தது. அதன் பேட்டரி மூடியில் என் கையெழுத்தில், சிவப்பு மார்க்கரில், தண்ணீர் ஊற்றிய தேதி இருந்தது.

வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார்கள். பேட்டரி கத்த ஆரம்பிக்கும் முன் சிலிண்டரும் வந்து சேர்ந்தது. எல்லாரும் போன பிறகு, நான் வீட்டுக்கு ஓடிப் போய் அந்த ஐம்பத்திரண்டு பக்கக் கட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வந்தேன். அந்தக் கம்பெனியைச் சும்மா விடக் கூடாது, ஒரு இடத்தில்கூட எழுதாமல் ஏமாற்றியிருக்கிறார்கள், வழக்கே போடுவேன் என்று பொருமிக்கொண்டு புரட்டினேன்.

முப்பத்தேழாம் பக்கம். பாதுகாப்பு என்ற தலைப்பு. லைனில் மின்சாரம் நின்றால் சோலார் அமைப்பும் தானாக நின்றுவிடும் என்று தெளிவான இங்கிலீஷில் போட்டிருந்தது. அந்த வரியின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு டிக். என் டிக்.

நான் படித்திருக்கிறேன். கோடும் போட்டிருக்கிறேன். பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு என்று நினைத்து டிக்கும் அடித்திருக்கிறேன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் படிக்காதவர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தவள், படித்துவிட்டும் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். காலையில் மெஷின் நின்றபோது வந்த அதிர்ச்சியை எப்படியோ தாங்கிவிட்டேன். இது அதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் நான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த எட்டு வீட்டுக்கும் நடந்தே போனேன். பில் குறையும், அது நிஜம், ஆனால் கரண்ட் போனால் இதுவும் போகும், இருக்கிற இன்வெர்ட்டரை யாரும் விற்றுவிடாதீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தர், “எனக்குத் தெரியும் டீச்சர், நீங்க சொன்ன வேகத்துல குறுக்கே பேசல,” என்றார். எங்கள் சோலார் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. பில் உண்மையிலேயே இல்லை என்கிற மாதிரிதான் வருகிறது. புது இன்வெர்ட்டர் வாங்கியாயிற்று, சிலிண்டரும் மூலையில் நிற்கிறது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தை நான் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. முப்பத்தேழாம் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். தையல்காரப் பெண் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். இவர் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தவர், என்னைப் பார்த்தார்.

“கண்டுபிடிச்சிட்டியா?”

“என்னத்த?”

“அந்த வரியை.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பெட்டி மாட்டுன ஆளு சொன்னாரு ஏளா. கரண்டு போனா இது ஓடாது அண்ணாச்சி, பழைய இன்வெர்ட்டரைக் குடுத்துராதியன்னு ரெண்டு தடவை சொன்னாரு.”

சொல்ல வந்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. விடைத்தாள் கட்டோடு நான் உள்ளே வந்த சாயங்காலம், பேட்டரிமேல் அவர் கை வைத்து நின்ற காலை, இரண்டும் என் கண்முன் வந்து நின்றன.

“அப்ப இன்னைக்குக் காலையில? எல்லாரையும் நான் கூப்பிட்டு வச்சிருக்கேன், நீங்க சும்மா குழாயை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தியளே!”

“ஒருவேளை நீ படிச்சதுதான் சரியோன்னு நெனச்சேன்.” மூச்சு வாங்கினார். “போன செவ்வாக்கிழமையும் கரண்டு போச்சு. நீ பள்ளிக்கூடத்துல இருந்த. அரை மணி நேரம் இருக்கும். சும்மா அசையாம உக்காந்துட்டேன், வந்துட்டு. அன்னைக்கு மட்டும் ஏதோ கோளாறுன்னு வச்சுக்கிட்டேன்.”

அரை மணி நேரம். தனியாக. நான் அப்போது ஏழாம் வகுப்பில் வெயிலை யாராவது ஆஃப் பண்ண முடியுமா என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருப்பேன். சாயங்காலம் வந்ததும், இன்றைக்கு என்ன விசேஷம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அன்று நான் கேட்கவில்லை. எட்டாவது ஆளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அழுகை வந்தது, ஆனால் காலையில் வந்த மாதிரிச் சத்தமாக வரவில்லை. கட்டைத் தரையில் வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவை மூடினேன்.

“இன்னும் என்னவெல்லாம் சொல்ல வந்து நான் கேக்காம விட்டிருக்கேன்?” என்று கேட்டேன்.

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். பக்கத்தில் கிடந்த பாயைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

“நல்லா உக்காரு,” என்றார். “நெறைய இருக்கு.”